வெயிலில் விளையும் குடித்தனம்

தூத்துக்குடி உப்பளத்து இளந்தம்பதியின் கதை

ஊரெல்லாம் மழை வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும். சில வீடுகளில் மட்டும், "இன்னும் பத்து நாள் மழை வராமல் இருக்கட்டும், முருகா!" என்று வேண்டிக்கொள்வார்கள். அவை உப்பளத் தொழிலாளர் வீடுகள்.

உப்பு விளைச்சலில் இந்தியாவில் முதலிடம் குஜராத்துக்கு. தமிழ்நாட்டில் முதலிடம் தூத்துக்குடிக்கு. வேப்பலோடை, தருவைக்குளம், முத்தையாபுரம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி என்று கடலோரம் நெடுகிலும் உப்பளங்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வெள்ளை வெளேர் என்று சின்னச் சின்னக் குன்றுகள். கிட்டே போனால்தான் தெரியும், அவை குன்றுகள் அல்ல, உப்பு அம்பாரங்கள்.

அந்தக் குன்றுகளின் நிழலில் எத்தனையோ இளந்தம்பதிகள் குடித்தனம் நடத்துகிறார்கள். அப்படி ஒரு வீட்டுக்குள் நாமும் போய்ப் பார்ப்போமா? பெயர் எதற்கு? இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல வீட்டுக் கதையையும் சேர்த்து ஒரு வீட்டுக் கதையாகச் சொல்கிறோம்.

மழை நாட்டுப் பெண்

பெண் பிறந்தது விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மழை பெய்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

மாப்பிள்ளை உப்பளத்துக்காரர். வெயில் அடித்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

2023 ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஐப்பசியில் மழை தொடங்கியது. உப்பளத்தில் வேலை நின்றது. நவம்பர் 12-ந் தேதி தலைத் தீபாவளி. மாப்பிள்ளையும் பெண்ணும் மாமனார் வீட்டுக்குப் போனார்கள். அங்கே நல்ல மழை!

"பார்த்தீங்களா மாப்பிள்ளை! நீங்க வந்த நேரம், மழை கொட்டுது!" என்று மாமனார் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் உயிர் இல்லை. புருஷன் முகத்தை அவள் கவனித்துவிட்டாள்.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லே, ஏளா. இந்த மழைதான் உங்க அப்பாவுக்குச் சோறு. இந்த மழைதான் எனக்குப் பட்டினி."

தான் எந்த வீட்டுக்கு வாழ வந்திருக்கிறோம் என்பது அன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்குள் வெள்ளம்

அந்த ஆண்டு மார்கழியை அந்தப் பக்கத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வானமே பிய்த்துக்கொண்டு கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! தூத்துக்குடி மாவட்டத்தில் சாதாரணமாக ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையைவிட இது அதிகம்.

அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு, தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்தது. பாத்திகளில் சேறு ஏறியது. வரப்புகள் உடைந்தன. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். புதுப் பெண் கொண்டுவந்த பாய், தலையணை, பட்டுப்புடவை எல்லாம் நனைந்தன.

வெள்ள நிவாரணமாக அரசு 6,000 ரூபாய் கொடுத்தது. பாத்திரம் பண்டம் வாங்கவும், கூரையைச் சரி செய்யவும் அது சரியாகப் போயிற்று. அதன் பிறகு? வேலை இல்லை. கடைக்காரரும் கடன் கொடுக்கத் தயங்கினார்.

ஒரு நாள் காலையில் அவளே கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்தாள். மஞ்சள் கயிற்றில் தாலி மட்டும் மிஞ்சியது. சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று.

அவள் அழுததைப் பார்த்து மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உப்பளத்து வெயிலில் முப்பது வருஷம் சுமை தூக்கியவர் அவர். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது.

"அழாதே, தாயீ. என் கம்மல் எத்தனை வருஷம் அந்தக் கடையிலே இருந்திருக்கு தெரியுமா? மழைக்குப் போகும், வெயிலுக்குத் திரும்பி வரும். கடைசியிலே ஒரு வருஷம் திரும்பி வரவே இல்லே."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை அவள் மனத்தில் தைத்துவிட்டது.

உப்பு எப்படி விளைகிறது?

தை பிறந்தது. வீட்டு வாசலில் பொங்கல் பானை பொங்கியது. கரும்பும் மஞ்சள் குலையும் பனங்கிழங்கும் பிறந்த வீட்டில் இருந்து வந்தன. பொங்கல் முடிந்ததும் உப்பளத்தில் வேலை தொடங்கியது.

பாத்தியில் நிற்கும் மழைத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். சேற்றை வழித்து எடுக்க வேண்டும். பிறகு தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். தரை இறுகினால்தான் உப்பில் மண் கலக்காது. அந்த ஆண்டு சேறு அதிகம். ஆகவே வேலையும் அதிகம்.

தூத்துக்குடியில் பல உப்பளங்களுக்குக் கிணற்று நீர்தான் ஆதாரம். கடல் நீரைவிட அது கரிப்பு மிகுந்தது. அந்த நீரை முதலில் பெரிய தெப்பத்தில் தேக்குவார்கள். வெயிலிலும் காற்றிலும் தண்ணீர் வற்ற வற்றக் கரிப்பு ஏறும். அதை அளந்து பார்க்க ஒரு கருவி உண்டு. 25 டிகிரி வந்ததும் பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கும். உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரை நஞ்சோடையில் வடித்துவிடுவார்கள்.

நீண்ட பலகையால் உப்பை வாரிக் கரையில் ஒதுக்குவது ஆண்களின் வேலை. அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது பெண்களின் வேலை.

பங்குனி, சித்திரையில் இந்த வீட்டில் விடியற்காலை 3 மணிக்கே விளக்கு எரியும். தூக்குச்சட்டியில் பழைய சோறு, சின்ன வெங்காயம், ஒரு துண்டு கருவாடு. வெயில் ஏறுவதற்கு முன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேலை. காலில் சின்னக் கீறல் இருந்தாலும் உப்பு நீர் பட்டால் உயிர் போய் உயிர் வரும்! மாலையில் பதனீர் கிடைத்தால் அதுதான் அமிர்தம்.

காலண்டரின் முதுகில் ஒரு கணக்கு

நம் கதாநாயகி பிளஸ் டூ படித்தவள். பங்குனியில் ஒரு நாள் இரவு, பழைய காலண்டர் தாளின் முதுகில் ஒரு கணக்குப் போட்டாள்.

"என்னங்க, வேலை எத்தனை மாசம்?"

"ஒன்பது மாசம் இருந்தால் பெரிசு."

"சாப்பாடு எத்தனை மாசம்?"

அவர் சிரித்தார். "பன்னிரண்டு மாசமும் சாப்பிட்டுத்தானே ஆகணும்!"

"அப்படின்னா கையிலே வர்ற ரூபாய் ஒரு ரூபாய் இல்லே, முக்கால் ரூபாய்தான். ஒவ்வொரு ரூபாயிலும் கால் ரூபாய் மழைக்காலத்துக்குச் சொந்தம்."

கணக்கு சரிதான். ஒன்பது மாதமும் நாலில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தால், வேலை இல்லாத மூன்று மாதத்துக்கும் அதே அளவு பணம் கிடைக்கும். கேட்க எளிது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்த மாதமே இன்னொரு செய்தியும் தெரிந்தது. அவள் முழுகாமல் இருந்தாள்! மாமியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிரசவம் கார்த்திகையில். அதாவது, கையில் காசு இல்லாத நடு மழைக்காலத்தில்!

வீட்டில் மகிழ்ச்சி ஒரு பக்கம். கவலை ஒரு பக்கம்.

ஆடிக் காற்றும் அடகுச் சங்கிலியும்

வைகாசியில் மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இனிமேல் நீ சுமை தூக்கக் கூடாது."

இரண்டு கூலி ஒரு கூலி ஆயிற்று. கால் ரூபாய் ஒதுக்க முடியவில்லை. ஆனாலும் அவள் கணக்கைக் கிழித்துப் போடவில்லை. கால் முடியாவிட்டால் அரைக்கால் என்றாள். வாரா வாரம் மகளிர் குழுவில் கட்டினாள். புருஷன் வேலை முடிந்து டீக்கடையில் உட்காருவதைக் குறைத்துக்கொண்டார். வெயில் காலத்தில் மீன் மலிவாகக் கிடைத்த நாளில் மாமியார் வாங்கிக் கருவாடு போட்டார். உப்புக்கா பஞ்சம்?

ஆடி வந்தது. புதுப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகும் மாதம். அப்பா வந்து அழைத்தார். உப்பளத்துக்கோ ஆடிக் காற்று நல்ல விளைச்சல் காலம். "அவருக்கு யாருப்பா சோறு பொங்குவா? அத்தைக்குக் கண்ணு தெரியாது" என்றாள். மூன்று நாள் மட்டும் போய்விட்டுத் திரும்பினாள்.

ஆவணியில் வளைகாப்பு. அதற்கு இரண்டு நாள் முன்பு அவர் வேட்டி மடிப்பில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அடகுக்கடையில் இருந்து மீண்டு வந்த சங்கிலி! ஆடி மாதம் முழுவதும் மற்றவர் பாத்தியிலும் போய் உப்பு வாரி, வட்டியோடு கட்டி மீட்டிருக்கிறார். கைகளைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுவதும் வெடிப்பு. சங்கிலியை வாங்காமல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மழை வந்தது; மகளும் வந்தாள்

2024 ஐப்பசி. மழை தொடங்கியது. அம்பாரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். வேலை நின்றது.

ஆனால் இந்த முறை வீடு திகைக்கவில்லை. ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைத்தது. பானையில் கருவாடு இருந்தது. குழுவில் சேமிப்பு இருந்தது. உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தை அரசு 2022-ல் தொடங்கியிருந்தது. அதுவும் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தவணைப் பணமும் கிடைத்தன. 

எல்லாம் சேர்ந்தும் பணம் தாராளமாக இல்லை. ஒரு குழம்பை இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்ட நாட்களும் உண்டு. ஆனால் கழுத்துச் சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

கார்த்திகையில் ஒரு மழை இரவு, அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. கார்த்திகைத் தீபத்தன்று மாமியார் ஓலைக் கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். பனை ஓலையின் மணமும் கருப்பட்டியின் மணமும் வீடு முழுக்க நிறைந்தன.

இரண்டு வேண்டுதல்

தையில் அப்பா பேத்தியைப் பார்க்க வந்தார். ஒரு பை உளுந்து, ஒரு பை முண்டு மிளகாய். எல்லாம் மழை கொடுத்தது. திரும்பும்போது மாப்பிள்ளை ஒரு மூட்டை உப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் வரை போனார். அது வெயில் கொடுத்தது.

அன்று மாலை விளக்கேற்றிவிட்டு அவள் கும்பிட்டு நின்றாள்.

"என்ன வேண்டிக்கிட்டே? மழையா, வெயிலா?" என்று புருஷன் கேட்டார்.

"இரண்டும்தான். அப்பாவுக்குப் பெய்ய வேண்டிய நாளிலே பெய்யட்டும். நமக்குக் காய வேண்டிய நாளிலே காயட்டும்."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நாமும் நினைக்கிறோம். அந்த உப்பை வெயிலில் நின்று வாரிக் கொடுத்தவரையும், மழை நாளில் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்!