பேர் போட்டு ஒரு கடுதாசி

இயக்கம்னு சொன்னா கூட்டம், ஊர்வலம், மனு இந்த மூணும்தான் நம்ம கண்ணுக்குத் தெரியும். போத்தனூர், செட்டிபாளையம் பக்கத்து இயற்கை விவசாயிகள் சேர்ந்த எங்கள் குழுவில் கடிதம் எழுதும் பொறுப்பு என்னுடையது. அதனால் வெளியே தெரியாத நாலாவது வேலையைப் பற்றி எழுதுகிறேன். ஓர் ஆளுக்குப் பேர் போட்டு எழுதும் கடுதாசி.

ஐரோப்பாவில் சில உழவர் இயக்கங்களைக் கட்டியவர்கள் கிராமத்துப் பாதிரியார்கள்தான். அயர்லாந்தில் கேனன் ஜான் ஹேய்ஸ் 1931-ல் 'முயின்டிர் நா டீரெ' என்ற அமைப்பைத் தொடங்கினார். 'மண்ணின் மக்கள்' என்று பொருள். அவர் முன்மாதிரியாக வைத்துக்கொண்டது பெல்ஜியம் நாட்டு உழவர் சங்கத்தை. அதே பெல்ஜியத்தில் பிறந்த இன்னொரு பாதிரியாரின் வேலை நம்ம தமிழ்நாடு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் பெயர் டொமினிக் பியர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து நாலு வருசம் ஆகியும் ஐரோப்பாவின் அகதி முகாம்களில் ஏராளமானவர்கள் கிடந்தார்கள். வயசானவர்கள், நோயாளிகள் என்று எந்த நாடும் வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள். 1949-ல் பியர் அவர்களுக்காக வேலையைத் தொடங்கினார். முறை ரொம்ப எளிமை. வெளியில் இருக்கும் ஒருவர், முகாமில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குத் துணையாக நிற்க வேண்டும். பார்சல் அனுப்பலாம், ஆனால் கடிதமும் எழுத வேண்டும். இப்படிச் சுமார் 18,000 பேர் சேர்ந்தார்கள். பிறகு முதியோர் இல்லங்கள், அகதிகளுக்கான கிராமங்கள் என்று வேலை வளர்ந்தது. 1958-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ரொட்டியை யார் வேண்டுமானாலும் லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். 'உங்க மகளுக்குக் காய்ச்சல் விட்டதா?' என்று கேட்க, அந்த வீட்டு நிலவரம் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் கேட்கும்போது, முகாமில் கிடக்கிறவர் வெறும் கணக்கு நம்பர் இல்லை என்று ஆகிவிடுகிறது. அவரும் பதில் எழுத வேண்டிய ஆள்.

1962-ல் பியர் இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் கோஹிராவில் முதல் 'அமைதித் தீவை' ஆரம்பித்தார். சில வருசம் ஊரோடு இருந்து வேலை செய்து, பிறகு எல்லாவற்றையும் ஊர்க்காரர்களிடமே விட்டுவிட்டு விலகுவது என்பது ஏற்பாடு. அடுத்தது நம்ம திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காட்டில் அமைந்தது. பியர் 1969 ஜனவரியில் காலமாகிவிட்டார். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை அதே 1969-ல் உதறிவிட்டு வந்த ஒரு வேளாண் பட்டதாரி களக்காட்டில் சேர்ந்து, சுமார் பத்து வருசம் அங்கே வேலை செய்தார். அவர்தான் நம்மாழ்வார் ஐயா. இடுபொருள் வெளியிலிருந்து வரக் கூடாது, பண்ணைக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஐயா வந்தது அந்த வருசங்களில்தான். கடையை நம்பாதே என்பது இடுபொருளுக்கு மட்டும் சொன்னதாக நான் நினைக்கவில்லை. யோசனையும் உழவனிடமிருந்தே வர வேண்டும். அதற்கு முதலில் அவனைக் கேட்க வேண்டும்.

நம்ம குழுக்களுக்கு இது ஏன் முக்கியம்? பங்கேற்பு உறுதியளிப்பு முறையில் குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழு. ஒருவர் தோட்டத்தை இன்னொருவர் போய்ப் பார்த்துச் சான்று சொல்கிறோம். சான்று நிற்பதே ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்த நம்பிக்கையில். ஒருத்தர் ஓசையில்லாமல் மருந்து அடித்துவிட்டால் எல்லோருக்கும்தான் அடி.

தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்தது நினைவிருக்கும். எங்கள் குழுவில் ஓர் அண்ணன் தோப்பிலும் ஏறிவிட்டது. மட்டையெல்லாம் கரும்பூசணம். கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். மருந்து அடிக்க ஆள் பேசியிருக்கிறார் என்று தகவல் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் 'யாரும் மருந்து அடிக்காதீங்க' என்று போட்டால், அது எல்லோருக்கும் சொன்னது, அதனால் யாருக்கும் சொல்லாதது. நான் அவருக்கு மட்டும் எழுதினேன்.

'அண்ணா, கீழ்மட்டை ஒன்றை வெட்டி ஓலைக்கு அடியில் பாருங்க. ஈயோட கூடு வெள்ளையா இருக்கா, கறுத்திருக்கா? கறுத்திருந்தா உள்ளே என்கார்சியா குளவி முட்டை வெச்சிருக்குன்னு அர்த்தம். மருந்து அடிச்சா ஈயை விட அது முதல்ல சாகும். பத்து ஓலையில எத்தனை கறுப்புன்னு எண்ணிச் சொல்லுங்க.'

எழுத்தில் பதில் வரவில்லை. மூணாம் நாள் கையில் ஓலையோடு அவரே வந்தார். கறுத்த கூடுகள் இருந்தன. ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினோம், விசையாகத் தண்ணீர் பீய்ச்சினோம். தோப்பு முழுசாகத் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மருந்து அடிக்கவில்லை, குழுவை விட்டும் போகவில்லை.

குழுவில் கடிதப் பொறுப்பு எடுக்கிறவர்களுக்கு மூணு சொல்கிறேன்.

ஒன்று, ஓர் ஆளுக்கு எழுதுங்க, அவர் வயலைச் சொல்லி எழுதுங்க.

இரண்டு, கடைசி வரி கேள்வியாக இருக்கட்டும். அதுவும் அவர் வயலில் இறங்கிப் பார்த்தால்தான் பதில் சொல்ல முடிகிற கேள்வி. புத்திமதி பதில் கேட்காது.

மூணு, நகல் வையுங்க. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, யாருக்கு, என்ன கேட்டோம், என்ன பதில் என்று நாலு கட்டம் போதும். குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது, எந்தத் தோட்டத்தில் எந்த மாசம் பூச்சி வந்தது, யார் கிணறு எப்போது வற்றியது என்பதற்கு அந்த நோட்டுத்தான் கணக்கு. செயலாளர் மாறினாலும் நோட்டு கை மாறும். செல்போன் தொலைந்தால் எல்லாம் போச்சு.

உங்கள் குழுவிலும் ரெண்டு மூணு கூட்டமாக வராத ஒருத்தர் இருப்பார். முதல் கடுதாசி அவருக்குப் போகட்டும்.