நையாண்டி மேளத்துக்கு எத்தனை மைக்?

அம்மன் கோயில் கொடையில் கைபேசியில் எடுத்த மேள வீடியோ ஒன்றைக் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். தவிலில் ஓர் அடி விழுந்ததும் நாதஸ்வரம் பின்வாங்கும். மெல்லத் தலைதூக்கும், அதற்குள் அடுத்த அடி. வாசித்தவர் அப்படி வாசிக்கவில்லை. ஒலி உரத்தால் பதிவளவைத் தானே குறைத்து, தணிந்தால் தானே கூட்டும் ஏற்பாடு கைபேசிக்குள் இருக்கிறது. பேச்சை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. மேளத்தின் முன்னால் திண்டாடுகிறது.

சரி, நல்ல மைக்குகளும் மிக்சரும் கொண்டுவந்து முறையாகவே பதிவோம் என்று கோவில்பட்டிப் பக்கம் ஒரு நையாண்டி மேள செட்டை அழைத்தால், உண்மையான சிக்கல் அப்போதுதான் தொடங்கும். ராக் இசைக் குழுவைப் பதிபவருக்கு ஒரு வசதி உண்டு. கிதார்காரரை டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவருடைய ஆம்ப்ளிஃபயரை மட்டும் பக்கத்து அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடலாம். கேபிள் நீளமாக இருந்தால் போதும். நாதஸ்வரத்தில் கருவியும் ஒலிபெருக்கியும் ஒன்றேதான். ஆளைத்தான் பிரிக்க வேண்டும். தவில்காரரின் முகத்தைப் பார்க்காமல், அவர் கை ஓங்குவதைப் பார்க்காமல் நையாண்டி மேளத்தில் யாரால் வாசிக்க முடியும்?

எனவே எல்லாரும் ஒன்றாக நின்று வாசிக்கிறார்கள், ஆளுக்கொரு மைக் வைக்கிறோம். தவில் அடி தவில் மைக்கில் மட்டுமா விழும்? பம்பையின் மைக்கிலும் நாதஸ்வர மைக்கிலும் விழும், ஆனால் சற்றுத் தாமதமாக. கோடை வெயிலில் காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. 35 செ.மீ. தள்ளியிருக்கும் மைக்குக்கு 1 மில்லி விநாடி பிந்திச் சேரும். இரண்டையும் மிக்சரில் கூட்டினால் 500 ஹெர்ட்ஸில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தோடு மோதி இரண்டும் மங்கும். 1500இலும் 2500இலும் அதே கதை. சீப்பின் பல் போல இடைவிட்டு இடைவிட்டு அதிர்வெண்கள் தேய்ந்து, தவில் தகர டப்பா மாதிரி ஆகிவிடும். மைக்குகளுக்கு இடையிலான தூரம், கருவிக்கும் அதன் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் 3 மடங்காவது இருக்கட்டும் என்று ஒலிப்பதிவாளர்கள் விதி வைத்திருக்கிறார்கள். தோளோடு தோள் உரசி நிற்கும் செட்டில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது?

தவில் ஒன்றே இரண்டு மைக் கேட்கும் கருவி. வலப்பக்கத் தோலான வலந்தலையில் விரல்கூடுகள் போட்ட கை, இடப்பக்கத் தோலான தொப்பியில் கம்பு. வலந்தலையில் அடி விழும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது. உள்ளிருக்கும் காற்று எதிர்ப்பக்கத் தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக்கில் காற்றழுத்தம் குறையும் கணத்தில் மற்றதில் கூடுகிறது. அப்படியே சேர்த்தால் தவிலின் அடிவயிற்று ஒலி காணாமல் போகும். மிக்சரில் வட்டத்தைக் குறுக்குக் கோடு வெட்டும் குறியோடு ஒரு பொத்தான் இருக்கும். ஒரு மைக்கின் அலையைத் தலைகீழாக்க அதை அழுத்தினால் போன ஒலி திரும்பிவிடும்.

நாதஸ்வரத்தில் தவறு வேறு மாதிரி. குழலின் விரிந்த அடிவாயான அணசுக்குள் மைக்கைச் செருகுவதைப் பல மேடைகளில் பார்க்கலாம். ஒலி அணசு வழியாகத்தான் வருகிறது என்ற நினைப்பு. உண்மையில் விரலெடுத்துத் திறந்த முதல் துளையில் பெரும்பங்கு ஒலி வெளியேறிவிடுகிறது. 7 விரல்துளைகளையும் மூடினால்தான் அது முழுதாகக் கீழே இறங்கும். அணசில் மைக் வைத்தால் சில ஸ்வரங்கள் முட்டும், சில மெலியும். ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து வைத்தால் எல்லா ஸ்வரமும் சமமாக வந்து சேரும்.

இந்தத் தலைவலி புதிதல்ல. மின் ஒலிப்பதிவு வந்தது 1925இல். அதற்கு முன் ஒரே ஒரு கூம்புக் குழாயின் முன் மொத்தக் குழுவும் நின்று வாசிக்க வேண்டும். சமன் செய்ய இருந்த ஒரே கருவி, நிற்கும் தூரம். 1923இல் அமெரிக்காவின் ரிச்மண்டில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு பதிந்தபோது, இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் மற்றவர்களை அமுக்கியதால் அவரைப் பின்னே தள்ளி நிறுத்தினார்கள். பெரிய டிரம்மின் அடி ஊசியைத் துள்ளவைக்கும் என்பதால் டிரம்ஸ்காரர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ்.ஜானகியின் குரலும் எதிரெதிர் நின்ற ‘சிங்கார வேலனே தேவா’வை (கொஞ்சும் சலங்கை, 1962) இந்தக் கோணத்தில் கேட்க வேண்டும். திறந்தவெளியில் ராஜநடை போட உருவான கருவிக்கும் ஒரு மனிதக் குரலுக்கும் ஒலியளவில் ஏணி வைத்தாலும் எட்டாது. நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் இரட்டை நாக்குச் சீவாளியின் கூர்மையும். இரண்டையும் தனித்தனியே பதிந்து இணைத்தார்கள் என்பது திரையிசை ஆர்வலர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. பாட்டில் குழல் குரலுக்குப் பணிந்து பதில் சொல்கிறது. அந்தப் பணிவில் பாதி, வித்வானின் மூச்சுக் கட்டுப்பாடு. மீதி, பதிவு செய்தவரின் கை.

சினிமாவுக்கு அது சரி. நையாண்டி மேளத்துக்கு என் கணக்கு வேறு. அந்த செட் தன்னைத் தானே சமன் செய்துகொள்ளும். பம்பை எங்கே நிற்க வேண்டும், குழல் எந்த இடத்தில் முன்னே வர வேண்டும் என்பதெல்லாம் பல தலைமுறைக் கொடைகளில் தீர்ந்துபோன விவகாரம். ஆளுக்கொரு மைக் வைத்து அந்தச் சமநிலையைக் கலைத்துவிட்டு, பிறகு மிக்சரில் அதையே தேடுவானேன்? இரண்டே மைக், 4 மீட்டர் தள்ளி, ஆளுயரத்துக்கு மேலே. ஒன்றுக்கொன்று 17 செ.மீ. இடைவெளி, 110 பாகை விரிவு. பிரெஞ்சு வானொலி வகுத்த முறை இது. தவில் இரண்டு மைக்குக்கும் சம தூரத்தில் இருக்கும்படி கயிற்றால் அளந்துவிட வேண்டும். டிரம்ஸுக்கு மூன்று நான்கு மைக்கே போதும் என்று காட்டிய ஆங்கிலேய ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸும் இப்படித்தான் அளந்து வைத்தார். உறுமி இருந்தால் மட்டும் ஒரு விதிவிலக்கு: வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகல் தாழ்ந்தது, மெலிந்தது. அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு மைக் வேண்டும்.

இடம்? கல்யாண மண்டபம் வேண்டவே வேண்டாம். சிமெண்ட் சுவரும் தளமும் ஒவ்வோர் அடியையும் பத்தாகத் திருப்பும். அறுவடை முடிந்து உழுது போட்ட கரிசல் காட்டில் சுவரே இல்லை. பொடிந்த மண்ணும் தன்மேல் விழும் ஒலியில் கணிசமானதை உறிஞ்சிக்கொள்கிறது. பணம் கொட்டி ஸ்டுடியோவில் உண்டாக்கும் எதிரொலியின்மை இங்கே சும்மா கிடக்கிறது.

ஆனால் ஆடியில் போகக் கூடாது. கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று மைக்கின் மெல்லிய தகட்டையும் உதறும். மயிர்ச் சட்டை போட்ட மைக்கும் அதற்குத் தாங்காது. பங்குனி, சித்திரை இரவுகள் தேவலை. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மேகமில்லா இரவில் தரை சட்டென்று குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ளது வெதுவெதுப்பாகவே நிற்கிறது. வெப்பக் காற்றில் ஒலி வேகமாகப் போவதால், மேலெழுந்த அலை வளைந்து மறுபடி தரைக்கே இறங்குகிறது. பகலில் அரை மைலில் கரைந்துபோகும் பாட்டு, நள்ளிரவில் இரண்டு ஊர் தாண்டி வந்து நம் பதிவில் உட்கார்ந்துகொள்ளும். இதற்கு மைக்கில் மருந்து கிடையாது. அக்கம்பக்கத்தில் எந்த ஊரில் எந்தச் செவ்வாய்க்கிழமை கொடை, எந்த மைக் செட் குழாய் கட்டுகிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டுதான் தேதி குறிக்க வேண்டும்.