கைப்பேசிக்குள் வரும் மிரட்டல்: சட்டம் கேட்பதும் நாங்கள் அழிப்பதும்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வன்னியில் பல வீடுகளுக்கு முதலாவது ஸ்மார்ட் போன் பாடத்தோடுதான் வந்தது. வட்ஸ்அப்பில் பயிற்சித்தாள் அனுப்பிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். முல்லைத்தீவுப் பக்கம் மீள்குடியேறிய எங்கள் குடும்பங்கள் சிலவற்றில் வாப்பா புத்தளத்தில் தொழில், உம்மா இங்கே, பிள்ளைகளுக்கு நடுவில் ஒரேயொரு போன். 1990 இல் வெளியேற்றப்பட்டு நீண்டகாலம் கழித்துத் திரும்பியவர்களுக்கு இரண்டு ஊரில் வாழ்வது புதிதல்ல. இரவு பத்து மணிக்குப் போன் யாருடைய கையில் என்று கேட்கத்தான் ஆளில்லை.

அடுத்த வருடம் ஓர் உம்மா என்னிடம் வந்தார். மகளுக்குப் பதினான்கு வயது. போன் கேமில் அறிமுகமான "அக்கா" ஒருத்தி முதலில் முகப்படம் கேட்டிருக்கிறாள், பிறகு வேறு படம். படம் போனதும் அக்கா ஆணாகிவிட்டான். காசு தா, இல்லாவிட்டால் ஊருக்கெல்லாம் அனுப்புவேன் என்றான். ஒருமுறை காசும் போட்டிருந்தார்கள்.

"இப்ப என்ன சேர் செய்யிற?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டு அவனை புளொக் பண்ணுங்க. வெளியில கதைக்க வேணாம்."

மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததாகவே நினைத்தேன். இரண்டு மாதத்தில் அதே படம் வேறொரு கணக்கிலிருந்து வந்தது. இந்தமுறை பொலிசுக்குப் போனோம். முதல் கணக்கின் பெயர், தொலைபேசி இலக்கம், காசு போட்ட சிட்டை, ஒன்றும் கையில் இல்லை. அழிக்கச் சொன்னவன் நான். பிள்ளை அதற்குப் பிறகு பாடசாலைக்கு வரவில்லை.

சட்டத்தைத் தேடி வாசித்தது அதன் பிறகுதான். இது நேற்று வந்த சட்டமல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவு 1995 இலேயே சேர்க்கப்பட்டது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தை எடுப்பது, பரப்புவது, காட்டுவது, அதற்காகப் பிள்ளையைத் தூண்டுவது அல்லது வற்புறுத்துவது, எல்லாமே குற்றம். தண்டனை இரண்டு வருடத்துக்குக் குறையாத, பத்து வருடத்துக்கு மேற்படாத சிறை. பிலிம் கழுவுகிற ஸ்டூடியோக்காரர் அப்படியொரு படத்தைக் கண்டால் உடனே பொலிசுக்கு அறிவிக்கவேண்டும் என்றும் அதிலிருக்கிறது. 2006 திருத்தம் இதேபோன்ற கடமையைக் கணினிச் சேவை வழங்குவோர் மீதும் வைத்தது. அன்று நெட் கஃபேக்களை மனதில் வைத்திருப்பார்கள். இன்று பிள்ளைகளின் போன்களைத் திறந்து பார்க்கிறவர்கள் வவுனியா பஸார் வீதியில் போன் திருத்தும் தம்பிமார். எழுத்தளவில் அவர்களும் இதில் அடங்குவார்களா என்பதைச் சட்டத்தரணிகள் வாதிடட்டும். கண்டால் சொல்லவேண்டியவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இப்படியொன்று நடந்தால் "நிர்வாகத்துக்கு ஆதாரம்" என்று படத்தையே பள்ளிவாசல் வட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதுவும் பரப்புவதுதானே! படத்தை யாருக்கும் அனுப்பக்கூடாது. போனை அப்படியே பொலிசிடம் கொண்டுபோகவேண்டும். உரையாடல், கணக்கின் பெயரும் இணைப்பும், இலக்கம், திகதி, காசுச் சிட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்தியபின் புளொக் பண்ணலாம். காசு மட்டும் கொடுக்கவேண்டாம். கொடுத்தவரிடம்தான் மறுபடி கேட்பான்.

"அவன் வெளிநாட்டுல இருப்பான், பிடிக்க ஏலாது" என்பார்கள். இணையக் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை 2015 இல், தெற்காசியாவில் முதலாவதாக, இணைந்தது. அதன்படி மற்ற உறுப்பு நாடுகளிடம் கணக்கு விபரங்களை அழியாமல் வைக்கும்படி கேட்கமுடியும். கம்பனிகள் அந்த விபரங்களை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை என்பதால்தான் நாள் கடத்தக்கூடாது.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 எந்நேரமும் இயங்கும். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பணியகத்தைக் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி, அது உங்கள் உரிமை. "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவையும் 2023 முதல் இருக்கிறது. படம் போனைவிட்டு வெளியே போகாது. அதிலிருந்து கைரேகை போன்றதோர் எண் மட்டும் எடுக்கப்பட்டு பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவற்றுக்குக் கொடுக்கப்படும். அதே படம் அங்கே ஏறினால் கண்டுபிடித்து நீக்கலாம்.

இதையெல்லாம் அந்த உம்மாவிடம் போய்ச் சொன்னேன். மகள் உள்ளறையில் தையல் மெஷினில் இருந்தாள். "புள்ளட பிழை இல்லையெண்டு சட்டத்திலயும் இருக்கா சேர்?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மெஷின் சத்தம் நின்றது. "அவள்ட்டயும் ஒருக்காச் சொல்லுங்க" என்றார்.