மருத்துவத்தில் சமத்துவம்

யாவர்க்கும் ஒரே வழியைத் திறந்து வைத்தல் மட்டுமே சமத்துவம் ஆகிவிடாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் நிகழ்ந்த நிகழ்ச்சியொன்று இதனை விளக்கும். அங்கே அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்கடர் பணியாற்றிவந்தார். ஓரிரவு அவர் இல்லத்திற்கு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். இருவர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். மூவர்தம் மனைவியரும் மகப்பேற்று வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஆடவர் மருத்துவம் பார்ப்பதற்கு அம்மூவரும் ஒப்பவில்லை. ஸ்கடரின் மகள் ஐடாவையே அழைத்தனர். மருத்துவம் கல்லாத அவர் எவ்வாறு உதவுவார்? விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். மருத்துவர் இருந்தார்; அவரை அணுகும் வழிதான் அப்பெண்களுக்கு இல்லை.

ஐடா அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். ஒருவர் கை எத்துணைப் பேர்க்குப் போதும்? 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஒன்றை நிறுவினார். அங்கே ஆடவர்க்கு இடம் கிடைத்தது 1947-இல்தான்.