மாணவர் கட்டுரையில் இரண்டு சங்கிலியர்



மன்னார்த் தீவில் மாணவருக்கான கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு நடுவராகச் சென்றிருந்தேன். தலைப்புகள் இரண்டு. ஒன்று, திருக்கேதீச்சரப் பதிகங்களின் இலக்கிய நயம். மற்றது, எம் மண்ணின் வரலாற்றில் என் மனங்கவர்ந்த ஒருவர். முப்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகளை ஒரே இருப்பில் வாசித்தேன். அவற்றுட் பல ஒரே அச்சில் வார்த்தவை. பிறந்த ஊர், பெற்றோர், கல்வி, தொண்டு, மறைவு, ஈற்றில் 'அவர் வழி நடப்போமாக'. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் நாவலருக்கும் பொருந்தும், விபுலாநந்த அடிகளுக்கும் பொருந்தும்.

பிள்ளைகளைக் குறைகூற எனக்கு வாய் வராது. நானும் பரீட்சைக்கென்று மாதிரிக் கட்டுரைகளைக் கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கச் சொன்ன ஆசிரியன்தான். ஆனால் அன்று வாசித்த இரண்டு கட்டுரைகள் என்னை உலுக்கிவிட்டன. இரண்டும் சங்கிலி மன்னனைப் பற்றியவை.

முதலாவது, 1544இல் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கொல்வித்த கொடியவன் சங்கிலி என்றும், அப்பாவத்துக்கான தண்டனையாகவே அவன் கோவாவிலே கொல்லப்பட்டான் என்றும் கூறியது. இரண்டாவது, அந்நியரை இறுதிவரை எதிர்த்து, 1619இல் பிடிபட்டுக் கோவாவில் உயிர்துறந்த மாவீரன் சங்கிலி என்றும், மன்னாரில் அவன் செய்தது நாட்டைக் காக்கவே என்றும் வாதாடியது. ஒருவருக்கு அவன் கொடியவன், மற்றவருக்கு வீரன். ஆனால் இருவரும் ஒரே தவறைச் செய்திருந்தார்கள். 1544இல் அரசனாக இருந்தவன் 1619இலும் போர்க்களத்தில் நின்றிருந்தால் அவனுக்குத் தொண்ணூறு வயதாவது ஆகியிருக்க வேண்டாமா? அந்தக் கணக்கை இருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

உண்மையில் சங்கிலியர் இருவர். முதலாம் சங்கிலி 16ஆம் நூற்றாண்டில் நல்லூரிலிருந்து ஆண்டவன். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் மன்னார்க் கரையோர மக்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, அவர்களைக் கொல்லுமாறு கட்டளையிட்டவன் இவனே. இறந்தவர் தொகை அறுநூறுக்கும் எழுநூறுக்கும் இடைப்பட்டதென்று பொதுவாகக் கூறப்படுகிறது. இரண்டாம் சங்கிலி 1617இல் ஆட்சியைக் கைப்பற்றியவன். ஒலிவேரா தலைமையில் வந்த போர்த்துக்கேயப் படையிடம் 1619இல் அரசை இழந்து, கோவாவில் மரணதண்டனை பெற்றவன் இவன். இருவருக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு கிடக்கிறது.

இந்தக் குழப்பத்தைப் பிள்ளைகள் தாமாக உண்டாக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1736ஆம் ஆண்டளவில், மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலேயே இரு சங்கிலியரின் கதைகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. வரலாற்றாசிரியர்கள் பின்னர் போர்த்துக்கேய ஆவணங்களோடு ஒப்பிட்டுத்தான் முடிச்சை அவிழ்த்தார்கள். அந்த ஆவணங்களும் பக்கச்சார்பற்றவை அல்ல. எழுதியவர்கள் வென்ற தரப்பினர். ஆகவே எந்தச் சாட்சியையும், அது எப்போது, யாரால், யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டபின்பே ஏற்க வேண்டும்.

மதம் மாறியவர்கள் போர்த்துக்கேய அரசின் குடைநிழலுக்குப் போய்விடுவர் என்ற அச்சம் முதலாம் சங்கிலிக்கு இருந்ததென விளக்குவார்கள். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்ததைப் பார்க்கும்போது அந்த அச்சம் வெறுங்கற்பனை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் விளக்கம் வேறு, நியாயம் வேறு. ஓர் அரசன் ஏன் அஞ்சினான் என்று விளங்கிக்கொள்வதால், செத்தவர்களின் கணக்கு ஒன்றேனும் குறையாது. இந்த இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதும் துணிவைத்தான் மாணவரிடம் நான் எதிர்பார்க்கிறேன்.

பதிகங்கள் பற்றிய கட்டுரைகளுக்கு வருவோம். சுந்தரர் பாலாவிக் கரையில் நின்று, கடலிலே மரக்கலங்கள் நிறைந்திருந்ததைக் கண்டு பாடினார் என்று பலர் எழுதியிருந்தார்கள். பாலாவியும் மரக்கலங்களும் பாடலில் உண்டு. சுந்தரர் வந்து நின்றதுதான் இல்லை. சம்பந்தரும் சுந்தரரும் இராமேசுவரத்திலிருந்தே கேதீச்சரத்தைப் பாடினர் என்பது சேக்கிழார் பெரியபுராணத்தில் தரும் செய்தி. சேக்கிழாரோ 12ஆம் நூற்றாண்டினர், சுந்தரருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர்.

அப்படியானால் காணாத துறைமுகத்தைப் பாடியது வெறுங் கவிமரபா? இங்கே மண்ணையும் சாட்சிக்கு அழைக்கலாம். 1980களின் முற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் என்ற அறிஞரும் இலங்கைத் தொல்லியலாளரும் மாந்தையில் அகழ்வாய்வு நடத்தினார்கள். சீனத்து மட்பாண்டத் துண்டுகளும் மேற்காசிய மட்பாண்டத் துண்டுகளும் அங்கே கிடைத்தன. கிழக்கிலும் மேற்கிலுமிருந்து வந்த பண்டங்கள் இந்தக் கரையிலே சந்தித்தன என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? கவிஞர் வந்தாரோ வரவில்லையோ, மாதோட்டத்துக் கலங்களின் புகழ் அக்கரைக்குப் போயிருக்கிறது. பாடலையும் ஓட்டுத் துண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த ஒரு கட்டுரையாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

ஆனால் வேறொன்று கிடைத்தது. ஒரு மாணவி போர்த்துக்கேய இயேசு சபைக் குருவான அன்றீக்கு அடிகளாரைத் தெரிந்திருந்தாள். 1578இல் கொல்லத்தில் அச்சாகிய தம்பிரான் வணக்கம் என்ற பதினாறு பக்கத் தமிழ் நூலைத் தந்தவர் அவர். முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் பணி செய்தவர். தமிழுக்கென ஒரு பல்கலைக்கழகம் மன்னாரிலோ புன்னைக்காயலிலோ அமைய வேண்டுமென்று 1560 அளவிலேயே எண்ணியவர். பிறர் இவரைப் 'தமிழ் அச்சின் தந்தை' என்று போற்றி முடித்திருக்க, இவள் மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: இவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் யார்? கரையோரத்து மக்களோடு பேசித்தானே அவர் இந்த மொழியைப் படித்திருப்பார், அந்த ஆசிரியர்களின் பெயர் எங்கே என்று எழுதியிருந்தாள். அவளது எழுத்துப் பிழைகள் எட்டு. முதற் பரிசை அவளுக்கே கொடுத்தேன்.

சங்கிலியைப் பற்றி எழுதிய இருவரையும் ஒரே வாங்கில் இருத்தி, கட்டுரைகளை மாற்றி வாசிக்கச் சொன்னேன். ஒருவன் கத்தோலிக்கப் பிள்ளை, மற்றவன் சைவப் பிள்ளை. முதலில் முகம் சுருங்கியது. பிறகு ஆண்டுக் கணக்கைக் காட்டியபோது இருவரும் சேர்ந்தே சிரித்தார்கள். "சேர், அப்ப நாங்கள் ரெண்டு பேரும் பிழைதானே?" என்றான் ஒருவன். அந்த 'ரெண்டு பேரும்' என்ற சொல் என் காதிலே இன்னும் நிற்கிறது.

சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் மாவட்டம் இது. 1990இல் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட துயரத்தையும் பார்த்த மண். பழைய கதைகளைப் பாதியாகப் படித்தவன் அயலவனையும் பாதியாகவே பார்ப்பான். ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். மாணவர் ஒருவரைப் போற்றட்டும், தூற்றட்டும். அதற்கு முன், 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு முறை கேளுங்கள்.