சர்க்கரை நோயின் கால் எரிச்சலும் தண்டுவட மின்தூண்டலும்

தண்டுவட மின்தூண்டல் என்பது, உடலுக்குள் பொருத்திய சிறு கருவியிலிருந்து மெல்லிய மின்துடிப்புகளைத் தண்டுவடத்துக்குச் செலுத்தி வலியைத் தணிக்கும் சிகிச்சை. மாத்திரைக்குக் கட்டுப்படாத நீரிழிவு நரம்பு வலிக்கும் இப்போது இது பயன்படுகிறது.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நரம்பிழைகளும் அவற்றுக்கு இரத்தம் தரும் நுண்குழாய்களும் சிதைகின்றன. நீளமான நரம்புகள் முதலில் பழுதாவதால், தொல்லை கால்விரல்களில் தொடங்கி மேலேறும். பாதம் மதமதக்கும், சுருக்கென்று குத்தும், இரவில் எரிச்சல் கூடி, போர்வை பட்டாலே பொறுக்காது. பிரிகாபலின், டுலாக்சிடின் போன்ற மாத்திரைகள் எல்லோருக்கும் போதிய ஆறுதல் தருவதில்லை.

தொடுவுணர்வைக் கொண்டுவரும் பருத்த இழைகள் தூண்டப்பட்டால், மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச்செய்தி தண்டுவடத்திலேயே தடுக்கப்படும் என்று ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965இல் விளக்கினர். அதைப் பின்பற்றி 1967இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ஷீலி முதல் கருவியைப் பொருத்தினார். பழைய கருவிகள் நொடிக்குச் சில பத்துத் துடிப்புகளே அனுப்பும். வலித்த இடத்தில் குறுகுறுப்பு தோன்றும். நொடிக்கு 10,000 துடிப்புகள் அனுப்பும் புதிய வகையில் அந்தக் குறுகுறுப்பு இல்லை.

முதலில் ஒத்திகை. முதுகை மரத்துப்போகச் செய்து, ஊசி வழியாக மின்கம்பிகளைத் தண்டுவட உறைக்கு வெளியே வைப்பார்கள். மறுமுனை வெளியே இருக்கும் கருவியோடு இணைந்திருக்கும். ஒரு வாரத்தில் வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவியை இடுப்பருகே தோலுக்கடியில் பதிப்பார்கள். பல கருவிகளின் பேட்டரிக்குத் தோலின் மேலிருந்தே சார்ஜ் ஏற்றலாம்.

நொடிக்கு 10,000 துடிப்புகள் அனுப்பும் வகையை வைத்து, நீரிழிவு நரம்பு வலி உள்ள 216 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. 3 மாத முடிவில், கருவி பெற்றவர்களில் 79 சதவீதத்தினருக்கு வலி பாதிக்குமேல் தணிந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கே அந்தப் பலன் கிட்டியது. அதே ஆண்டு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இந்த வலிக்கு அக்கருவியைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. கிருமித்தொற்றும் கம்பி இடம்பெயர்தலும் இதன் அபாயங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குத் தொற்று எளிதில் வரும். செலவும் பல லட்சம் ரூபாய்.

கருவி வலியைத் தணிக்கும், சர்க்கரையைக் குறைக்காது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி தமிழகத்தில் வயதுவந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டு. நெல்லை மாவட்டத்து விக்கிரமசிங்கபுரத்துக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் பாதத்தைக் காக்கும் முதல் படி ஒன்றே: ஆண்டுக்கொரு முறை பாதத்தில் நைலான் இழையும் அதிர்வுக் கவையும் வைத்து உணர்ச்சியைச் சோதிப்பது. மரத்த காலோடு பாபநாசம் கோயிலின் வெயில் காய்ந்த கல்தரையில் வெறுங்காலாக நடந்தால், கொப்புளம் வந்த பிறகே சூடு தெரியும். தினமும் பாதத்தைப் பார்ப்பதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கருவி பொருத்திய பின்னும் தொடர வேண்டும்.