தெர்மாகோல் வேண்டாம், பழைய புடவையும் மூங்கில் குச்சியும் போதும்: குறைந்த செலவில் வீட்டை அழகாக்கும் 5 வழிகள்

விநாயகர் சதுர்த்தியில் தொடங்கித் தீபாவளி வரை நீளும் பண்டிகைக் காலத்தில், வீட்டை அலங்கரிப்பதற்கென்றே ஒவ்வொரு குடும்பமும் ஒரு தொகையை ஒதுக்குகிறது. அந்தத் தொகையில் வாங்கப்படும் பளபளப்புத் தாள்களும் நெகிழிப் பூச்சரங்களும் பண்டிகை முடிந்த மறுநாளே குப்பைத் தொட்டியைச் சென்றடைகின்றன. செலவு ஒருபுறம் இருக்க, சட்டமும் இப்போது இதில் நுழைந்திருக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருட்கள் சிலவற்றுக்கு மத்திய அரசு விதித்த தடை, 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. அலங்காரத்துக்கான தெர்மாகோல், பலூன்களில் செருகும் நெகிழிக் குச்சிகள், நெகிழிக் கொடிகள் ஆகியவை அந்தப் பட்டியலில் அடங்கும். இவற்றைத் தயாரிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

அப்படியானால் எதைக் கொண்டு அலங்கரிப்பது? தெர்மாகோல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தியாவின் ஒவ்வொரு பகுதியும் இதற்கு விடை கண்டிருக்கிறது. செம்மண், அரிசி மாவு, மூங்கில், கிழிந்த புடவை எனக் கைக்கு எட்டிய பொருட்களே அந்த விடைகள். இன்றைய அடுக்குமாடி வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் பொருந்தும் வகையில், ஒரு மணி நேரம் முதல் ஒரு வார இறுதிக்குள் செய்து முடிக்கத்தக்க ஐந்து வழிகள் இங்கே விளக்கப்படுகின்றன.

1. மகாராஷ்டிரத்தின் ஆகாஷ் கந்தில்

தீபாவளி நாட்களில் மகாராஷ்டிரத்திலும் கோவாவிலும் வாசலிலும் பால்கனியிலும் தொங்கவிடப்படும் காகித விளக்குக் கூடுதான் ஆகாஷ் கந்தில். மும்பையின் மாஹிம் பகுதியில் இவை விற்கப்படும் தெருவுக்குக் கந்தில் கல்லி என்றே பெயர் வழங்குகிறது. கோவாவில் ஆண்டுதோறும் கந்தில் செய்யும் போட்டிகளும் நடைபெறுகின்றன.

முதன்முறை செய்பவர்களுக்குப் பெட்டி வடிவமே எளிது. 20 செ.மீ. நீளமுள்ள மெல்லிய மூங்கில் குச்சிகள் 9, 30 செ.மீ. குச்சிகள் 4 தேவை. 20 செ.மீ. குச்சிகளில் நான்கை நூலால் கட்டிச் சதுரமாக்க வேண்டும். இவ்வாறு இரண்டு சதுரங்கள் செய்து, ஒன்றை மேலும் மற்றொன்றைக் கீழுமாக வைத்து, நீளக் குச்சிகளை நான்கு மூலைகளிலும் தூண்களாகக் கட்டினால் சட்டகம் தயார். எஞ்சிய ஒரு குச்சியை மேல் சதுரத்தின் குறுக்கே கட்ட வேண்டும். விளக்கு தொங்குவது அதில்தான்.

பட்டம் செய்யப் பயன்படும் மெல்லிய வண்ணக் காகிதத்தை 24 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரத்தில் நான்கு துண்டுகளாக வெட்டி, ஓரங்களில் 2 செ.மீ. மடித்துக் குச்சியோடு ஒட்ட வேண்டும். மைதா மாவை நீரில் கரைத்துக் காய்ச்சிய பசையே இதற்குப் போதுமானது. மேலும் கீழும் திறந்தே இருக்க வேண்டும். கீழ்ச் சதுரத்தில் காகிதப் பட்டைகளை வால் போல ஒட்டினால் காற்றில் ஆடும்.

இதில் தவிர்க்க முடியாத விதி ஒன்று உண்டு. கூட்டுக்குள் மெழுகுவர்த்தியையோ அகல் விளக்கையோ ஒருபோதும் வைக்கக் கூடாது. குறைந்த வாட் எல்இடி பல்பு மட்டுமே பொருத்தப்பட வேண்டும். அதுவும் காகிதத்தைத் தொடாமல் நடுவில் தொங்க வேண்டும்.

2. வார்லியும் ஐபனும்: காவியின் மேல் வெண்மை

மகாராஷ்டிரத்தின் பால்கர், தாணே மாவட்டங்களில் வாழும் வார்லி பழங்குடியினர், மண் சுவரில் காவி பூசி, அரிசி மாவுக் குழம்பால் சித்திரம் வரைகின்றனர். வட்டம், முக்கோணம், சதுரம் ஆகிய மூன்று வடிவங்களே இக்கலையின் அகரவரிசை. முனைகள் சந்திக்கும் இரண்டு முக்கோணங்கள் மனித உடலாகின்றன. அதன் மேல் ஒரு வட்டம் தலையாகிறது. கை, கால்களுக்குக் கோடுகள் போதும். இந்தக் கலையைச் சுவரிலிருந்து உலக அரங்குக்குக் கொண்டுசென்ற ஜிவ்யா சோமா மாஷேவுக்கு 2011-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

உத்தராகண்டின் குமாவோன் பகுதிப் பெண்கள் வாசற்படியிலும் பூஜை அறையிலும் இடும் ஐபன் கோலமும் இதே காவி, இதே அரிசி மாவைக் கொண்டதுதான். 2021-ல் ஐபனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஓவியப் பயிற்சி இல்லாதவர்களும் துணிந்து கைவைக்கலாம் என்பதே இவ்விரண்டின் சிறப்பு. பழைய மண் தொட்டி, தேய்ந்த மரத்தட்டு, கெட்டியான அட்டை என எதுவும் தளமாகலாம். காவிப்பொடியில் பசை கலந்த நீர் சேர்த்து இரு முறை பூசி, நன்றாக உலரவிட வேண்டும். இரண்டு மணி நேரம் ஊறிய பச்சரிசியை மைய அரைத்து, துணியில் வடிகட்டி, சிறிது பசை சேர்த்தால் வெள்ளை வண்ணம் தயார். முனையை நசுக்கிய மூங்கில் குச்சியே தூரிகை. பல ஆண்டுகள் நிலைக்க வேண்டுமெனில், அரிசி மாவுக்குப் பதிலாக வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தைப் பயன்படுத்தலாம்.

செடி வளரும் மண் தொட்டியில் வரைந்தவர்கள் பலர், சில வாரங்களில் வண்ணம் உரிவதைக் கண்டு சோர்ந்துவிடுகின்றனர். சுட்ட மண்ணில் நுண்துளைகள் உள்ளதால், உள்ளே ஊற்றும் நீர் வெளிப்புறத்துக்குக் கசிந்து வண்ணத்தைத் தள்ளிவிடுகிறது. நாற்றுப் பண்ணையில் கிடைத்த தொட்டியோடு செடியை அப்படியே உள்ளே இறக்கி வைத்தால் இந்தச் சிக்கல் எழாது.

3. பழைய புடவையில் காந்தா மெத்தை உறை

வங்காளப் பெண்கள் நைந்த புடவைகளை அடுக்கடுக்காக வைத்து, கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துப் போர்வையாக்கினர். அதுவே காந்தா. பீகாரின் சுஜனியும், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தியும் இதன் உறவினங்கள். வீணாகும் துணியை வீட்டை விட்டு வெளியேற்றாமல் காப்பதே இவை அனைத்தின் அடிப்படை.

ஐந்து வழிகளில் இதற்குத்தான் நேரம் அதிகம். இரண்டு, மூன்று மாலைப் பொழுதுகள் தேவைப்படும். ஆனால் ஊசியும் நூலும் தவிர வேறு செலவு கிடையாது. 40 செ.மீ. சதுர மெத்தைக்கு, பருத்திப் புடவையிலிருந்து 46 செ.மீ. சதுரத் துண்டுகள் மூன்றை வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடுக்கு நகராமலிருக்க, முதலில் நீண்ட தையல்களால் தற்காலிகமாக இணைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒரு விரல் இடைவெளியில் ஓட்டுத் தையல் வரிசைகளைப் போட வேண்டும். கோடு சற்றே வளைந்தாலும் குறையில்லை. அந்த நெளிவே காந்தாவின் முகம்.

தைக்கத் தைக்கத் துணி சுருங்கும் என்பதால்தான் தொடக்கத்தில் அளவு கூடுதலாக வைக்கப்படுகிறது. முடிந்ததும் 43 செ.மீ. சதுரமாகச் சீர்செய்து கொள்ளலாம். பின்புறத்துக்கு 43 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டுகள் தேவை. ஒவ்வொன்றிலும் ஒரு நீள ஓரத்தை 2 செ.மீ. மடித்துத் தைத்து, மடித்த ஓரங்கள் நடுவில் ஒன்றன் மேல் ஒன்று படியுமாறு வைத்து, முன்புறத் துண்டோடு நான்கு பக்கமும் இணைக்க வேண்டும். நடுவில் ஏறத்தாழ 9 செ.மீ. மேற்பொருந்துவதால், ஜிப்பும் பொத்தானும் இல்லாமலே உறை மூடிக்கொள்ளும்.

4. கட்சின் கண்ணாடிச் சுவர், ஒரு தட்டின் அளவில்

குஜராத்தின் கட்ச் பகுதியில் புங்கா எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகளின் உட்சுவரை, சிறு கண்ணாடிகள் பதித்த மண் வேலைப்பாடு அலங்கரிக்கிறது. லிப்பன் என்பது இதன் பெயர். களிமண்ணோடு ஒட்டகம் அல்லது கழுதையின் சாணத்தைக் கலந்து, விரல்களால் உருட்டிச் சுவரில் ஒட்டுவது மரபு. இரவில் ஒற்றை விளக்கின் ஒளியையும் அந்தக் கண்ணாடிகள் அறை முழுவதும் சிதறவைக்கும்.

இதையே ஒரு அடி விட்டமுள்ள வட்டப் பலகையில் செய்து சுவரில் மாட்டலாம். சலித்த களிமண்ணையோ, கடையில் கிடைக்கும் காற்றில் உலரும் களிமண்ணையோ வெள்ளைப் பசையுடன் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைய வேண்டும். பலகையில் பென்சிலால் வட்டங்களும் இதழ்களும் வரைந்து, மண்ணை மெல்லிய திரிகளாக உருட்டி அந்தக் கோடுகளின் மேல் ஒட்ட வேண்டும். இடைவெளிகளில் கண்ணாடித் துண்டுகளைப் பசையிட்டுப் பதித்து, நிழலில் உலரவிட வேண்டும். வெயிலில் வைத்தால் மண் விரைந்து சுருங்கி வெடித்துவிடும். திரி தடிமனாக இருந்தாலும் அதே கதிதான்.

கண்ணாடியை வீட்டில் உடைத்துப் பயன்படுத்துவது ஆபத்தானது. அளவாக வெட்டி ஓரம் மழுக்கப்பட்ட துண்டுகள் கைவினைப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. கண்ணாடிப் புட்டிகளைச் சூடேற்றி அறுக்கும் காணொளிகளைப் பார்த்து முயல்வதும் தவிர்க்கப்பட வேண்டியதே. புட்டியை முழுதாகவே பூச்சாடியாக்கலாம். சணல் கயிற்றைப் பசையிட்டுச் சுற்றினால் அரை மணி நேரத்தில் அது புதுத் தோற்றம் பெறும்.

5. ஒரு மணி நேரத்தில் தோரணம்

நேரமே இல்லாதவர்களுக்கு மாவிலையும் சாமந்தியும் இருக்கவே இருக்கின்றன. வாசலின் அகலத்தைவிட ஒரு முழம் கூடுதலாகக் கயிறு எடுத்து, மாவிலையின் காம்புப் பகுதியைக் கயிற்றின் மேல் மடித்து ஊசி நூலால் குத்தினால் போதும். இலைகளுக்கு இடையே இரண்டிரண்டு சாமந்திகளைக் கோக்கலாம். வாடிய பின் இவை உரமாகும். கயிறு மறுமுறைக்கு உதவும்.

ஆண்டு முழுவதும் தொங்க வேண்டுமெனில், தையற்கடையில் மிஞ்சும் வண்ணத் துணித் துண்டுகளை முக்கோணமாக மடித்துக் கயிற்றில் வரிசையாகத் தைக்கலாம். குஜராத், ராஜஸ்தான் வீடுகளின் வாசல்களில் காணப்படும் துணித் தோரணத்தின் எளிய வடிவம் இது.

வாடகை வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஆணி அடிக்க அனுமதியில்லாத வீடுகளில், ஒட்டும் கொக்கிகள் பயன்படும். எனினும் அவை தாங்கும் எடை உறையிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். லிப்பன் பலகையை அதற்கு முன் எடை போட்டுப் பார்ப்பது நல்லது. சுண்ணாம்பு பூசிய சுவரிலும் ஈரம் பாய்ந்த சுவரிலும் இந்தக் கொக்கிகள் நிற்காது. அத்தகைய வீடுகளில் அலமாரி மேல் சாய்த்து வைப்பதே பாதுகாப்பு.

மின்விளக்குச் சரங்களை வாங்கும்போது விலையை மட்டும் பார்ப்பது பெரும் விபத்துக்கு இட்டுச்செல்லக் கூடும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள கம்பியும் பிளக்கும் வாங்கப்பட வேண்டும். ஒரே நீட்டிப்புப் பெட்டியில் பல சரங்களைச் செருகுவது, உறங்கச் செல்லும்போது அணைக்காமல் விடுவது ஆகிய இரண்டும் தவிர்க்கப்பட வேண்டும். அகல் விளக்குகளைத் திரைச்சீலை, காகிதத் தோரணம் ஆகியவற்றிலிருந்து விலக்கி, தட்டில் நீரோ மணலோ இட்டு அதன் நடுவில் வைப்பது பாதுகாப்பானது.

கலைக்குப் பின்னால் இருப்பவர்கள்

இந்தக் கலைகள் பொழுதுபோக்காக மட்டும் வளர்ந்தவை அல்ல. 1966-67-ல் பீகாரைக் கடும் வறட்சி தாக்கியபோது, புபுல் ஜெயகர் பொறுப்பில் இயங்கிய அகில இந்தியக் கைவினை வாரியம், ஓவியர் பாஸ்கர் குல்கர்ணியை மதுபனிக்கு அனுப்பியது. அதுவரை வீட்டுச் சுவர்களில் வரைந்துவந்த மைதிலிப் பெண்களிடம் காகிதம் வழங்கப்பட்டது. அந்தக் காகித ஓவியங்களே பல குடும்பங்களுக்கு வருமானமாயின. இன்றளவும் அவ்வூர்களில் அதுவே பிழைப்பு.

ஆகவே வீட்டுக்கென ஒரு வார்லித் தொட்டி வரைவதில் தவறேதும் இல்லை. ஆனால் அதையே அசல் வார்லி என்று விற்பது, அக்கலையை வாழ்வாகக் கொண்டோரின் உரிமையைப் பறிப்பதாகும். புவிசார் குறியீடு வழங்கப்படுவதன் நோக்கமும் அதைத் தடுப்பதே. நான்கு பொருட்களைத் தாமே செய்து மிச்சப்படுத்துவோர், ஐந்தாவதைக் கலைஞரிடமே நேரில் வாங்கலாம். 1994-ல் தொடங்கப்பட்ட டெல்லி ஹாட்டிலும், ஃபரிதாபாத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் சூரஜ்குண்ட் கைவினைத் திருவிழாவிலும் அதற்கு வாய்ப்பு உண்டு. ஒரு அசல் படைப்பை அருகில் வைத்துப் பார்ப்பவருக்கு, கோட்டின் அழுத்தமும் இடைவெளியும் எப்படி அமைய வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

பண்டிகை முடிந்த பின்

அலங்காரத்தின் உண்மையான செலவு, அதை எத்தனை ஆண்டுகள் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் தெரியும். கந்திலின் காகிதத்தைக் கிழித்தெடுத்துவிட்டு மூங்கில் சட்டகத்தை மட்டும் பரண் மேல் வைக்கலாம். காந்தா உறையைத் துவைத்து மடித்து வைக்கலாம். லிப்பன் பலகையை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். நீர் படக் கூடாது. அடுத்த தீபாவளிக்கு வாங்க வேண்டியவை நான்கு தாள் வண்ணக் காகிதமும் ஒரு கை மைதா மாவும் மட்டுமே.